ஆபிஸ் தாளில் எழுதிய கவிதை

ஹட்டனிலோ கண்டியிலோ பதுளையிலோ ஒரு நூல் வெளியீட்டு விழா நடந்தால், பேச்சுகள் முடிந்து தேநீர் குடிக்கிற நேரத்தில் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் போவதில்லை: "அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டே எழுதினதுதானே, நியாயப்படி திணைக்களத்துக்குத்தான் சொந்தம்." தோட்டப் பக்கம் இதே கருத்து இன்னும் சுருக்கமாக வரும். தோட்டத்துத் தாள், தோட்டத்துக் கரண்டு, தோட்டத்துக் கம்பியூட்டர், அப்புறம் புத்தகம் மட்டும் எப்படிக் கிளாக்கருடையது? மலையகத்தில் எழுதுகிறவர்களைப் பார்த்தால் ஆசிரியர்கள், அதிபர்கள், தோட்ட உத்தியோகத்தர்கள், பிரதேச செயலக ஊழியர்கள், தொழிற்சங்கப் பணியாளர்கள் என்று எல்லோரும் எங்கேயோ சம்பளம் வாங்குகிறவர்கள்தான். எழுத்தை மட்டும் நம்பி அடுப்பெரிப்பவர் அபூர்வம். ஆகவே இந்தத் தேநீர்ப் பேச்சு உண்மையானால், நம்முடைய இலக்கியத்தில் பெரும்பகுதி கல்வித் திணைக்களத்துக்கும் பெருந்தோட்டக் கம்பனிகளுக்கும் போய்ச் சேர வேண்டும்.

உண்மையல்ல. ஆனால் முழுப் பொய்யும் அல்ல, தொல்லையே அதுதான். பாதி உண்மையை நம்பி ஓய்வுபெறும்வரை கையெழுத்துப் பிரதியைப் பெட்டியில் பூட்டி வைப்பவர்களும் இருக்கிறார்கள், மறு பாதியைத் தெரியாமல் உண்மையிலேயே உரிமையை இழப்பவர்களும் இருக்கிறார்கள். பின்னவர்கள் இழப்பது பெரும்பாலும் தம் மேலதிகாரியிடம் அல்ல. அதற்குப் பிறகு வருகிறேன்.

இலங்கையில் இதை ஆள்வது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். எழுதிய கணமே பதிப்புரிமை பிறந்துவிடுகிறது, பதிவு தேவையில்லை. கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் வியாபாரக் குறியையும் காப்புரிமத்தையும் பதியலாமே தவிர, கவிதையைப் பதிய அங்கே ஏடு கிடையாது. எழுதியவரே முதல் உரிமையாளர் என்பது பொது விதி. அதற்கான விதிவிலக்கு 14ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவில் இருக்கிறது. தொழிலில் இருக்கும் ஒருவர் தம் தொழிலின் போக்கில் உருவாக்கிய படைப்பின் பொருளாதார உரிமை (அதை அச்சிட்டு, விற்று, மேடையேற்றிப் பயன்பெறும் உரிமை), ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாவிட்டால், வேலை கொடுத்தவருக்கு உரியது. தேநீர்ப் பேச்சு பிடித்துக்கொள்வது இந்த வரியைத்தான். பிடிக்கும்போது "தொழிலின் போக்கில்" என்ற பகுதியை நழுவ விட்டு, "தொழிலில் இருக்கும்போது" என்று வாசித்துவிடுகிறது. இரண்டுக்கும் நடுவில் ஒருவரின் ஆயுட்கால எழுத்து முழுவதும் கிடக்கிறது.

மறுத்தால் என்ன ஆகும்?

தொழிலின் போக்கு எங்கே முடிகிறது என்பதைச் சட்டம் விளக்கவில்லை. இப்படியான இடங்களில் நம் சட்டத்தரணிகள் இங்கிலாந்துத் தீர்ப்புகளை எடுத்துக்காட்டுவது வழக்கம். அவை நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாவிட்டாலும், யோசிக்க நல்ல வழி காட்டுகின்றன. 1914இல் வந்த பேர்ன் வழக்கில், லண்டனின் பைனான்சியல் டைம்ஸ் பத்திரிகையில் நிரந்தர ஊழியராக இருந்தவர் ஒரு பிரேசில் அரசியல் உரையைப் போர்த்துக்கேய மொழியிலிருந்து தம் சொந்த நேரத்தில், தனிக் கட்டணத்துக்கு மொழிபெயர்த்தார். வெளியானதும் அதே பத்திரிகையில்தான். இருந்தும் மொழிபெயர்ப்பு அவருடையது என்றே தீர்ப்பு வந்தது. 1952இல் அறிக்கையிடப்பட்ட இன்னொரு வழக்கு. முகாமைத்துவ ஆலோசனைக் கம்பனியொன்றில் இருந்தவர், வேலையில் இருக்கும்போது ஆற்றிய விரிவுரைகளையும் ஒரு வாடிக்கையாளருக்காகக் கம்பனி அனுப்பிய இடத்தில் எழுதிய பகுதியையும் சேர்த்துப் புத்தகமாக்கினார். விரிவுரைகள் அவருடையவை, அந்த ஒரு பகுதி மட்டும் கம்பனியுடையது என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் பிரித்துக் கொடுத்தது. விரிவுரைகளால் கம்பனிக்கு நல்ல விளம்பரம் கிடைத்தது உண்மை. ஆனால் விரிவுரை ஆற்றும்படியோ அதை எழுதும்படியோ அவருக்குக் கட்டளையிடும் உரிமை கம்பனிக்கு இருந்ததாக நிரூபிக்கப்படவில்லை.

இந்தப் பிணக்கில் நான் திரும்பத் திரும்ப வந்து நிற்கிற இடம் இதுதான். யாருடைய தாள், எத்தனை மணிக்கு எழுதியது, எந்த மேசை என்றெல்லாம் விசாரிப்பதை விட்டுவிட்டு ஒரே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: இதை எழுத முடியாது என்று நீங்கள் சொல்லியிருந்தால், கடமையைச் செய்யவில்லை என்று உங்கள் மேல் நடவடிக்கை எடுத்திருக்க முடியுமா? முடியும் என்றால் அது வேலை. முடியாது என்றால் அது உங்கள் எழுத்து. தாளும் கரண்டும் இந்தக் கேள்விக்குள் வருவதேயில்லை. 1991இல் அறிக்கையிடப்பட்ட நோவா வழக்கு இதற்கு நல்ல சாட்சி. அரசாங்கப் பொதுச் சுகாதார ஆய்வகச் சேவையில் தொற்றுநோயியல் நிபுணராக இருந்த வைத்தியர் ஒருவர், காது குத்துதல் போன்றவற்றைச் சுகாதாரமாகச் செய்வது பற்றிக் கைநூல் ஒன்றை மாலை வேளைகளிலும் வார இறுதிகளிலும் வீட்டில் எழுதினார். தட்டச்சு செய்தது அலுவலகச் செயலாளர், அச்சிட்டு வெளியிட்டதும் அந்தச் சேவையே. பதிப்புரிமை வைத்தியருக்கு என்றது நீதிமன்றம்.

எதிர்த் திசையிலும் இதே கத்திதான் வெட்டும். "வீட்டில் என் சொந்த லெப்டொப்பில் செய்தேன்" என்பது ஒரு பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். 2021இல் இங்கிலாந்து மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த பென்ஹல்லுரிக் வழக்கில், மென்பொருள் எழுதுவதற்கென்றே சம்பளம் பெற்றவர் அதை வீட்டில், சொந்தக் கணினியில் எழுதியதாக வாதாடித் தோற்றார். செய்யச் சொன்ன வேலையை எங்கே வைத்துச் செய்தாலும் அது வேலைதான்.

பாடசாலைக்குள்

ஆசிரியர்களிடம் இதைப் பொருத்திப் பார்த்தால் கோடு எங்கே நெளிகிறது என்று தெரியும். வலயக் கல்விப் பணிமனை தவணைப் பரீட்சைக்கு வினாத்தாள் தயாரிக்கச் சொல்லி அனுப்பினால், அந்த வினாத்தாள் பணிமனையுடையது. அதில் விவாதம் இல்லை. அதே ஆசிரியர் ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலுக்கு மாதிரி வினாத்தாள்த் தொகுதி ஒன்றைச் சொந்தமாகத் தயாரித்து நுவரெலியாக் கடைகளில் விற்றால் அது அவருடையது. அவர் தயாரித்த வினாக்கள் மட்டும்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். பரீட்சைத் திணைக்களத்தின் கடந்தகால வினாத்தாள்களையும், கல்வி வெளியீட்டுத் திணைக்களப் பாடநூலின் பயிற்சிகளையும் வெட்டி ஒட்டியிருந்தால் அவர்தான் மீறியவர் ஆவார். ஒரு வினா எந்தப் பாட அலகைச் சோதிக்கிறது, எப்படிப்பட்ட வகை வினா என்பது கருத்து, அதற்குப் பதிப்புரிமை இல்லை. அதன் சொல்லமைப்பும் படமும் எழுத்து, அதற்கு உண்டு.

தமிழ்மொழித் தினப் போட்டிக்கு எழுதும் நாடகப் பிரதிதான் சிக்கலானது. நாடகத்துக்குப் பொறுப்பாசிரியராக அதிபர் எழுத்தில் நியமித்து, அவர் பிரதி எழுதிப் பயிற்றுவித்தால், பாடசாலை பக்கம் சாய்வதற்கு நல்ல வாதம் இருக்கிறது. கணிதம் கற்பிக்கிற ஒருவர் ஆர்வத்தில் எழுதிக் கொடுத்தால் நிலைமை தலைகீழ். மறுத்திருந்தால் அவரை யாரும் எதுவும் கேட்டிருக்க முடியாது. கடமைப் பட்டியலும் அந்த ஆண்டின் பொறுப்பு ஒதுக்கீட்டுத் தாளும் இங்கே பிரதியை விட முக்கியமான ஆவணங்கள். டிசம்பரில் அந்தத் தாளை யாரும் பத்திரப்படுத்துவதில்லை. வருடம்தோறும் ஒரு பிரதி எடுத்து வைப்பது நல்லது.

பாடசாலையின் நூற்றாண்டு மலர் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை உண்டு: மலரில் வந்ததெல்லாம் பாடசாலைக்குச் சொந்தம் என்று. கூட்டுப் படைப்பு என்று சட்டம் சொல்வது, ஒரு நிறுவனத்தின் முன்முயற்சியிலும் வழிநடத்தலிலும் பலர் எழுதி, தனித்தனிப் பெயர் குறிப்பிடப்படாமல் நிறுவனத்தின் பெயரில் வெளிவருவதை. உங்கள் கட்டுரையின் கீழ் உங்கள் பெயர் அச்சாகியிருந்தால் அந்த வாதம் அங்கேயே தளர்ந்துவிடும். பெயரில்லாமல் எழுதிக் கொடுக்கும் "பாடசாலை வரலாறு" பகுதியில்தான் கவனம் வேண்டும்.

பெயரைப் பற்றித் தனியே ஒன்று. பொருளாதார உரிமை யாரிடம் போனாலும், படைப்பில் பெயர் இடம்பெறும் உரிமையும், படைப்பைச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமையும் எழுதியவரிடமே தங்கும். 10ஆம் பிரிவு இவற்றைத் தார்மீக உரிமைகளாகக் காக்கிறது. உயிரோடு இருக்கும்வரை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. பாடசாலைக் கீதத்தை எழுதியது இசை ஆசிரியை, கல்வெட்டில் பெயர் அன்றைய அதிபருடையது என்றால், கீதம் பாடசாலையின் உடைமை என்பது அதற்குப் பதிலாகாது.

சொந்தம் வேறு, அனுமதி வேறு

"அனுமதி வாங்காமல் வெளியிட்டார், ஆகவே உரிமை அவருக்கில்லை" என்பது அடுத்த பிசகு. அரச ஊழியர்களுக்கு இது உண்மையான பயம். தாபன விதிக்கோவையின் இரண்டாம் தொகுதியில் 47ஆம் அத்தியாயம் நடத்தையையும் ஒழுக்கத்தையும் பற்றியது, ஊடகங்களுக்குத் தகவல் கொடுப்பதற்கான கட்டுப்பாடு அதில் வருகிறது. சமூக ஊடகங்களில் கருத்து வெளியிடுவதற்கும் அது பொருந்தும் என்று 2022 செப்டெம்பரில் பொது நிர்வாக அமைச்சு சுற்றறிக்கை அனுப்பியது பலருக்கு நினைவிருக்கும். இந்த விதிகளை மீறினால் ஒழுக்காற்று விசாரணை வரலாம். ஆனால் விசாரணையின் முடிவில் உங்கள் நாவலின் பதிப்புரிமை அமைச்சுக்கு மாறிவிடாது. உரிமை கைமாறுவதென்றால் கொடுப்பவரும் பெறுபவரும் கையொப்பமிட்ட எழுத்து வேண்டும் என்கிறது புலமைச் சொத்துச் சட்டத்தின் 16ஆம் பிரிவு. அந்த எழுத்தில் வெளிப்படையாகச் சொல்லப்படாத எந்த உரிமையும் மாறியதாகக் கொள்ளப்படாது. தண்டனை என்ற பெயரில் உரிமையைப் பறிக்கும் வழி அந்தச் சட்டத்தில் இல்லை.

இரகசியமும் அப்படித்தான், வேறு கணக்கு. தலவாக்கலை சென் கூம்ஸிலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்பவர் சிறுதோட்டக்காரர்களுக்காகக் கவாத்து, உரமிடல் பற்றித் தமிழில் ஒரு கைநூலை இரவில் எழுதினால், நோவா வழக்கின் வைத்தியர் இருந்த இடத்தில்தான் அவரும் இருப்பார். கடமைப் பட்டியலில் விரிவாக்க வெளியீடுகள் தயாரிப்பது இல்லாதவரைக்கும். ஆனால் நிலையம் இன்னும் வெளியிடாத பரிசோதனைத் தரவை உள்ளே போட்டால், பதிப்புரிமை அவருடையதாக இருந்தாலும் வெளிப்படுத்தப்படாத தகவல் பற்றிய 160ஆம் பிரிவு அவரைப் பிடிக்கும். தோட்டக் கிளாக்கர் எழுதும் சிறுகதையில் தொழிலாளர் பெயர், வேலைநாள் பதியும் செக்ரோல் கணக்குகள் அப்படியே வருவதும் இதே வகை ஆபத்து. கதை அவருடையது, கணக்கு அவருடையது அல்ல.

உரிமை உண்மையில் போகிற வழி

மேலே தள்ளி வைத்த விடயம் இது. 14(4) இரண்டு வாக்கியங்கள் கொண்டது. முதலாவது வேலை கொடுப்பவரைப் பற்றியது, எல்லோரும் அதைத்தான் அஞ்சுகிறார்கள். இரண்டாவது, ஒருவர் கேட்டு எழுதுவிக்கும் படைப்பைப் பற்றியது: ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால் பொருளாதார உரிமையின் முதல் உரிமையாளர் எழுதுவித்தவர். ஆக, மாத்தளை ஆசிரியர் ஒருவர் பத்து வருடம் எழுதிய சிறுகதைகளில் திணைக்களத்துக்கு ஒரு வரிகூடச் சொந்தமில்லை. ஆனால் ஒரு சனிக்கிழமை அரசு சாரா நிறுவனமொன்று கேட்டதற்காக எழுதிக் கொடுத்த போசாக்கு விழிப்புணர்வுத் தெருநாடகம் முழுவதும் அந்த நிறுவனத்துக்குப் போய்விடும். மேதினத்துக்குத் தொழிற்சங்கம் கேட்ட பாட்டும், கும்பாபிஷேக மலருக்கு ஆலய பரிபாலன சபை கேட்ட தலவரலாறும் இதே கதிதான். சம்பளம் தருபவரிடம் வீராப்பாக நின்றவர், ஐயாயிரம் ரூபாய் வவுச்சரில் கையொப்பமிட்டுவிட்டு அந்த நாடகத்தைத் தன் தொகுதியில் சேர்க்க முடியாமல் நிற்பார். கட்டணம் வாங்கினால்தான் இது பொருந்தும் என்று அந்த வாக்கியத்தில் இல்லை என்பதால், அன்பளிப்பாக எழுதிக் கொடுப்பவரும் நிம்மதியாக இருக்க முடியாது.

தப்பும் வழி அதே வாக்கியத்திலேயே இருக்கிறது, ஒப்பந்தம். பத்துப் பக்க ஆவணம் தேவையில்லை. எழுதத் தொடங்குமுன், ஒரே தாளில், இருவரும் கையொப்பமிட்டு: "இந்நாடகப் பிரதியின் பொருளாதார உரிமைகள் எழுதியவருக்கே உரியன. நிறுவனம் இதனை 2 ஆண்டுகளுக்கு, கட்டணமின்றி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மேடையேற்றலாம். வேறு பயன்பாடுகளுக்கு எழுதியவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும்." இவ்வளவு போதும். எழுதி முடித்த பிறகு இதைக் கேட்டால் அது வேறு கடிதம். அப்போது உரிமை ஏற்கனவே அவர்களிடம், அவர்கள் உங்களுக்குத் திருப்பி மாற்றித் தர வேண்டியிருக்கும்.

காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகிய கூத்துகளின் பாட்டுகளைப் பதிவுசெய்து தொகுப்பவர்கள் இரட்டைக் கவனம் எடுக்க வேண்டும். பரம்பரையாக வந்த பாட்டு தொகுப்பாளருக்கும் சொந்தமில்லை, திட்டத்துக்குப் பணம் கொடுத்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லை. நாட்டார் வெளிப்பாடுகளை வணிக நோக்கில் பயன்படுத்துவதற்கு 24ஆம் பிரிவு தனிக் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. தொகுப்பாளருக்கு வருவது தேர்வு, அடுக்கு, குறிப்புகள், முன்னுரை ஆகியவற்றில் உள்ள உரிமை. கூத்து வாத்தியார் சொந்தமாகக் கட்டிச் சேர்த்த வரிகள் இருந்தால் அவை அவருடையவை. பதிவு நாட்குறிப்பில் "இந்த விருத்தம் வாத்தியார் கட்டியது" என்று அன்றைக்கே எழுதி வைக்காவிட்டால், பிறகு பிரித்தெடுக்க வழியில்லை.

கையில் வைத்திருக்க வேண்டியவை

நியமனக் கடிதம், கடமைப் பட்டியல், தனியார் துறையென்றால் கையொப்பமிட்ட வேலை ஒப்பந்தம் ஆகிய மூன்றையும் முதலில் வாசியுங்கள். பெரிய கம்பனிகளின் ஒப்பந்தங்களில் "ஊழியர் உருவாக்கும் அனைத்துப் படைப்புகளும் கம்பனிக்குரியன" என்ற வாசகம் இருக்கக்கூடும். அதை "தமது கடமைகளின் போக்கில் உருவாக்கும்" என்று திருத்தச் சொல்ல ஏற்ற நேரம் கையொப்பமிடுவதற்கு முந்திய நாள். அதற்குப் பிறகு கேட்பவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் மௌனம்தான்.

வரைவுகளைத் திகதியோடு வையுங்கள். அலுவலக மின்னஞ்சல் கணக்கில் எழுதினால் உரிமை போய்விடாது, சாட்சி போய்விடும். இடமாற்றமோ ஓய்வோ வந்து கணக்கை மூடியதும் உங்கள் பத்து வருடத் திகதிகளும் மூடப்படும். வாட்ஸ்அப்பில் அனுப்பித் திரும்ப இறக்கிய கோப்பில் பழைய திகதி நிற்பதை நம்ப முடியாது, ஆகவே மூலக் கோப்பைத் தொடாமல் ஒரு பென்டிரைவில் வையுங்கள். கையால் எழுதுபவர்கள் கொப்பியிலிருந்து தாளைக் கிழிக்காமல் இருப்பது போதும். தனக்குத்தானே பதிவுத் தபாலில் அனுப்பி, பிரிக்காமல் வைக்கும் பழக்கத்தால் உரிமை எதுவும் உண்டாவதில்லை. அது திகதிக்கு ஒரு சான்று, அதுவும் உறை சேதமில்லாமல் இருந்தால்.

வெளியிடுமுன் மேலதிகாரிக்கு ஒரு கடிதம் கொடுப்பது நல்லது. அதன் வாசகத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். "உரிமையை எனக்கு வழங்குமாறு" என்று கேட்டால் உரிமை அவர்களிடம் இருப்பதாக நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரி. இப்படி எழுதலாம்: "எனது கடமைகளுக்குப் புறம்பாக, சொந்த நேரத்தில் சிறுகதைத் தொகுதியொன்றை எழுதியுள்ளேன். அலுவலகக் கோப்புகளிலிருந்தோ உத்தியோகபூர்வத் தகவல்களிலிருந்தோ எதுவும் இதில் சேர்க்கப்படவில்லை. இதனை எனது பெயரில் வெளியிடவுள்ளேன் என்பதை அறியத்தருகிறேன்." சேவை விதி அனுமதி கேட்கிறது என்றால் "வெளியிடுவதற்கான அனுமதியை" என்று மட்டும் கேளுங்கள். பிரதியில் கையேற்ற முத்திரையும் திகதியும் வாங்காமல் வராதீர்கள்.

நூலின் உள்பக்கத்தில் "பதிப்புரிமை: ஆசிரியருக்கு" என்று உங்கள் பெயரோடு அச்சிடுங்கள். வழமையான முறையில் பெயர் அச்சாகியிருந்தால், மறுத்து நிரூபிக்கும்வரை அவரே ஆசிரியர் என்று 15ஆம் பிரிவு ஊகிக்கிறது. அச்சிடுவதற்குப் பாடசாலை உதவியது என்பதற்காக "வெளியீடு" என்ற இடத்தில் பாடசாலையின் பெயரைப் போடும் மரியாதை நம்மிடம் அதிகம். நன்றியுரையில் போடுங்கள். தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையில் நூலுக்கான சர்வதேச நியம இலக்கம் எடுக்கும்போதும் வெளியீட்டாளர் பெயரில் இதே கவனம் வேண்டும். உரிமை அதனால் மாறாது, ஆனால் நாளைக்கு எதிர்த்தரப்புச் சட்டத்தரணி முதலில் தூக்கிக் காட்டும் தாள் அதுவாக இருக்கும். சிங்கள நாவலைத் தமிழாக்கும் பிரதேச செயலக மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரு குறிப்பு: இரவு நேர மொழிபெயர்ப்பு உங்களுடையதுதான், ஆனால் மூல ஆசிரியரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் அச்சுக்குக் கொடுக்க முடியாது.

பாதுகாப்பு ஆசிரியர் இறந்து 70 ஆண்டுகள்வரை நீள்வதால், இந்தத் தாள்களைத் தேடப்போவது பெரும்பாலும் பிள்ளைகள். எந்தக் கதை எந்த நிறுவனத்துக்காக எழுதியது, எது சொந்தமாக எழுதியது என்று ஒரு பட்டியல் அவர்களிடம் இருக்கட்டும்.

பிணக்கு வந்துவிட்டால், வேண்டுமென்றே மீறுவது நீதவான் முன் குற்றம்தான். 500,000 ரூபாய் வரை தண்டமும் ஆறு மாதம் வரை சிறையும் விதிக்கலாம். ஆனால் உடைமையே சர்ச்சையாக இருக்கும்போது அந்த வழி சரிவராது, "எங்களுடையது என்று நம்பினோம்" என்றால் வேண்டுமென்றே என்பதை நிரூபிப்பது கடினம். தடையுத்தரவுக்கும் நட்டஈட்டுக்கும் கொழும்பு வணிக மேல் நீதிமன்றம் போக வேண்டும். பண்டாரவளையிலிருந்து ஒவ்வொரு தவணைக்கும் இரவு பஸ்ஸில் போய்வரும் செலவு, முதற்பதிப்பு முழுவதும் விற்றாலும் வராது. அதற்கு முன் புலமைச் சொத்து அலுவலகப் பணிப்பாளர் நாயகத்திடம் விண்ணப்பித்துத் தீர்வு கேட்க 22ஆம் பிரிவு இடம் தருகிறது. அந்த விண்ணப்பத்தோடு கடமைப் பட்டியல், அந்த ஆண்டின் பொறுப்பு ஒதுக்கீட்டுத் தாள், திகதியிட்ட வரைவு, முத்திரையிட்ட கடிதப் பிரதி ஆகியவற்றை இதே வரிசையில் இணையுங்கள்.